100 வோட்ஸ் மடக்குப் பனல் 54 வோட்ஸ்தான் தருது. பிழை எங்கை?

வடலி

இடம் யாழ்ப்பாணம், கோண்டாவில். நாலு மடிப்பு மடக்குச் சோலர் பனல் ஒண்டு, 100 வோட்ஸ். பின்பக்க லேபிளிலை உள்ளது: வேலை செய்யேக்கை 18 வோல்ற், 5.56 அம்பியர். திறந்த சுற்று (முனையிலை ஒண்டும் இணைக்காமல்) 21.6 வோல்ற். குறுஞ்சுற்று (ரெண்டு முனையையும் நேரே இணைச்சால்) 5.9 அம்பியர். பனல் முத்தத்திலை, பவர் ஸ்ரேசன் (சார்ஜ் ஏத்துற பற்றரிப் பெட்டி) விறாந்தையிலை. இடையிலை 10 மீற்றர் வயர், சாதாரண இரட்டை பிளெக்ஸ், 0.75 எண்டு அச்சடிச்சிருக்கு. பவர் ஸ்ரேசன் 300 வோட்மணி, சோலர் உள்ளீடு 12 முதல் 28 வோல்ற், ஆகக்கூட 120 வோட்ஸ், எம்.பி.பி.ரி. (பனலிலை இருந்து ஆகக்கூடின வலுவைத் தேடி எடுக்கிற சுற்று) உள்ளது.

சித்திரை வெய்யில், முகில் ஒரு துண்டும் இல்லை, நேரம் 12.15. பனலின்ரை காலை விரிச்சுத் தெற்குப் பாக்க நிமித்தி வைச்சால் திரையிலை 54 வோட்ஸ். 55ஐத் தாண்டினதே இல்லை. பற்றரி 40 வீதத்திலை நிக்குது, அதாலை நிரம்பி வாறபடியாலை குறையுது எண்டும் சொல்லேலாது. தூசியும் துடைச்சாச்சு. பனலைத் திருப்பிக் குடுக்கிறதோ, இல்லை வேறை எங்கையும் பிழையோ? மல்ரிமீற்றர் கையிலை இருக்கு.

மின்கம்பி

திருப்பிக் குடுக்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதின விபரத்தை வைத்துப் பார்த்தால் பனலில் பிழை இல்லை. அந்த 54 எங்கேயிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டே காட்டலாம்.

லேபிளில் உள்ள 100 ஒரு ஆய்வுகூட அளவு. சதுர மீற்றருக்கு 1000 வோட்ஸ் ஒளி, அது நேர் செங்குத்தாக விழ வேண்டும், செல்லின் வெப்பநிலை 25 பாகை. தொழிற்சாலையில் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு ஒளியை அடித்து, செல் சூடேற முதலே அளந்து விடுவார்கள். எல்லாப் பனலையும் ஒரே தராசில் நிறுக்க அது தேவை. ஆனால் யாழ்ப்பாணத்து முத்தத்தில் நல்ல ஒளியும் 25 பாகைச் செல்லும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது.

உங்களுக்கு ஆகப் பெரிய இழப்பு அந்தக் காலால் வருகிறது. மடக்குப் பனல்களின் கால்கள் பெரும்பாலும் 40 முதல் 50 பாகை சரிவுக்குத்தான் தைக்கப்பட்டிருக்கும். வெய்யில் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கிற நாடுகளுக்கு அது சரி. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகை. வருசப் பிறப்பை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் இங்கே நேர் உச்சியில். அந்த நேரம் பனலை 45 பாகையில் நிமிர்த்தினால் நேர் ஒளியில் 71 வீதம்தான் அதில் விழும். வானத்தின் சிதறல் ஒளியையும் சேர்த்து 72, 73 என்று வையுங்கள். நல்ல நாளில் உச்சி வெய்யில் சதுர மீற்றருக்கு 950 வோட்ஸ் அளவு இருந்தால், உங்கள் பனல் காண்கிறது 700 அளவு. ஆக, 100 இங்கேயே 70 ஆகி விட்டது.

அடுத்தது சூடு. முழு வெய்யிலில் நிற்கிற பனலின் செல், சுற்றியுள்ள காற்றை விட 30 பாகை அளவு கூடச் சூடாகும். 700க்கு 22 பாகை. காற்று 33 என்றால் செல் 55. முதுகில் சீலை தைத்த மடக்குப் பனலுக்கு இன்னும் 5 கூட்டுங்கள், 60 வரும். சாதாரண மோனோ (ஒற்றைப் படிகச் சிலிக்கன்) செல் 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 0.35 முதல் 0.4 வீதம் வலு இழக்கும். 35 பாகைக்கு 13 வீதம். 70 இப்போது 61.

மிச்சம் வயர். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி மீற்றருக்கு 0.023 ஓம். 10 மீற்றர் போய் வர 20 மீற்றர், 0.46 ஓம். உங்களுக்கு ஓடுவது 4 அம்பியர் அளவு. 4 × 4 × 0.46, அது 7.4 வோட்ஸ். இத்தனை வோட்ஸ் முத்தத்துக்கும் விறாந்தைக்கும் இடையில் வயரைச் சூடாக்கிப் போய் விடுகிறது. 61இல் கழித்தால் உங்கள் திரையில் உள்ள எண்.

இதில் சூட்டுக்குக் கொடுத்தது பெரும்பாலும் திரும்பாது. சரிவிலும் வயரிலும் போனதை நாளைக்கே மீட்கலாம். மத்தியானம் பனலைச் சாய்க்காமல் படுக்க வையுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 0.14 ஓம்தான். பனல் 5.3 அம்பியர் தந்தாலும் 4 வோட்ஸுக்குள் இழப்பு. 4 சதுர மில்லிமீற்றர் சோலர் வயர் கிடைத்தால் இன்னும் நல்லது, வெய்யிலில் உறை வெடிக்காது.

ஆனைக்கோட்டையான்

சாய்க்காமல் நிலத்திலை விரிச்சு விட்டால் காணும் எண்டு சொல்லுறியள். ஆனால் செம்மண் முத்தம் மத்தியானம் கால் வைக்கேலாத சூடு. சீலை முதுகு நிலத்தோடை ஒட்டிக் கிடந்தால் காத்தே போகாது, செல் 70 பாகையைத் தாண்டும். அப்ப சரிவிலை மீட்டதிலை ஒரு பங்கு சூட்டிலை போயிடும்.

கட்டாயம் உயர்த்தி வைக்க வேணும். ரெண்டு கதிரை, அதுக்குக் குறுக்கை நாலு மரச் சட்டம், சட்டத்துக்கு மேல பனல். கீழை ஒரு சாணாவது இடைவெளி. முழுப் பலகை போட வேண்டாம், அதுவும் சூட்டை அடைக்கும். நார் பின்னின பழைய கட்டில் இருந்தால் அதுதான் எல்லாத்திலும் வடிவு.

வேறை ஒரு வழியும் இருக்கு. மத்தியானம் வாளியிலை தண்ணி எடுத்து ஊத்தினால் உடனை 5, 6 வோட்ஸ் கூடும்.

மின்கம்பி

கட்டில் யோசனை மிகச் சரி. தண்ணீர் வேண்டாம். செல் 20 பாகை குளிர்ந்தால் 7 வீதம் கூடும், அது உண்மை. ஆனால் சில நிமிடத்தில் திரும்பவும் சூடாகி விடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருகிற கடின நீர். சூடான மேற்பரப்பில் காயும்போது வெள்ளைப் படிவம் விட்டுப் போகும். நாலு கிழமை அப்படிச் செய்தால் கேத்தில் அடியில் பிடிக்கிற மாதிரிப் பனலில் பிடித்து விடும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் பிளாஸ்ரிக் மேற்பரப்பில் கீறல் விழும். இது கண்ணாடி இல்லை என்பதை மறக்கக் கூடாது.

கழுவுகிறது காலையில், பனல் குளிர்ந்து இருக்கும்போது. சேர்த்து வைத்த மழைத் தண்ணீர், மென்மையான பருத்தித் துணி. முதலில் தண்ணீரை விட்டுச் செம்மண் தூளை ஓட விடுங்கள், பிறகு துடையுங்கள். காய்ந்த தூளோடு தேய்த்தால் அரத்தாள் போடுகிற மாதிரி.

குறுஞ்சுற்று

கணக்கு நல்லது, ஆனால் மீற்றர் இருக்கேக்கை ஊகம் தேவையில்லை. மூண்டு அளவை எடுத்தால் ஒளியோ, செல்லோ, வயரோ எண்டு பிரிஞ்சு தெரியும்.

முதலாவது, குறுஞ்சுற்று அம்பியர். பனலைப் பவர் ஸ்ரேசனிலை இருந்து கழட்டுங்கோ. மீற்றரின்ரை சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாத்துங்கோ, குமிழை டி.சி. அம்பியருக்குத் திருப்புங்கோ. பனலை ஒரு தடிச்ச சீலையாலை மூடிப்போட்டுத்தான் மீற்றர் முனையளைப் பனலின்ரை ரெண்டு முனைக்கும் பிடிக்க வேணும். இப்ப சீலையை எடுத்து, ஐஞ்சாறு செக்கன்டிலை வாசிச்சு, திரும்ப மூடிப்போட்டுக் கழட்டுங்கோ. மூடாமல் இழுத்தால் நுனியிலை பொறி பறக்கும், டி.சி. பொறி லேசிலை அணையாது. 200 வோட்ஸ், 400 வோட்ஸ் பனலிலை 10 அம்பியருக்கு மேல வரலாம், அதுக்கு இந்த முறை கூடாது, மீற்றரின்ரை பியூஸ் போயிடும். டி.சி. அளக்கிற கிளாம்ப் மீற்றர் (வயரைச் சுத்திக் கவ்வி அளக்கிறது) வேணும். ஏ.சி. மட்டும் அளக்கிற கிளாம்ப் ஒண்டும் காட்டாது.

இந்த அம்பியர் பனலிலை விழுற ஒளிக்கு நேர் விகிதம், சூடு இதைப் பெரிசா மாத்தாது. லேபிளிலை 5.9, நீங்கள் அளக்கிறது 4.3 எண்டால் பனலிலை 73 வீத ஒளிதான் விழுது. ஒளிமானி வாங்கத் தேவையே இல்லை, பனலே ஒளிமானி.

ரெண்டாவது, திறந்த சுற்று வோல்ற். மீற்றரை டி.சி. வோல்ற்றுக்கு மாத்தி, சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற் துளைக்கு மாத்தி அளவுங்கோ. துளை மாத்த மறந்தால் மீற்றரே குறுஞ்சுற்று ஆகும். இது ஒளியை விடச் சூட்டைத்தான் காட்டும். ஒரு பாகைக்கு 0.3 வீதம் குறையும். 21.6 சூட்டிலை 19 சொச்சம் காட்டினால் சுகமான பனல். 14, 15 காட்டினால் நாலு மடிப்பிலை ஒண்டு வேலை செய்யேல்லை: மடிப்புக்குள்ளை ஓடுற நாடா அறுந்து போய், மின் அந்த மடிப்பை விட்டுட்டு டயோட் (ஒரு பக்கம் மட்டும் மின்னை விடுற பாகம்) வழியாச் சுத்திப் போகுது. மடக்குப் பனல் சாகிற இடம் பெரும்பாலும் இந்த மடிப்புத்தான். டயோட் இல்லாத பனல் எண்டால் அம்பியர் பூச்சியம் ஆகும், அல்லது மடிப்பை அசைக்க அசைக்க வந்து வந்து போகும்.

மூண்டாவது, எல்லாத்தையும் இணைச்சு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கேக்கை பனல் முனையிலையும் பவர் ஸ்ரேசன் முனையிலையும் வோல்ற்றைப் பாருங்கோ. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் வயரும் பிளக்கும் தின்னுறது. அரை வோல்ற்றுக்கு உள்ளை இருந்தால் கவலை இல்லை. 2 வோல்ற் எண்டால் வயரை மாத்துங்கோ.

நிழலையும் ஒருக்காப் பாருங்கோ. கொடிக் கயிறு கிழிக்கிற மெல்லிய கோடு பெரிய விசயமில்லை. ஆனால் பனை ஓலையின்ரை ஒரு விரல், அல்லது வேலிக் கதியாலின்ரை நுனி, ஒரு செல்லை முழுசா மூடினால் அந்த வரிசை முழுக்க அந்தச் செல்லின்ரை அளவுக்கு இறங்கும். தொடர்ச்சியா இணைச்ச செல்லிலை ஆகக் குறைஞ்ச அம்பியர்தான் எல்லாத்துக்கும்.

உப்புக்காற்று

ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவுப் பக்கம் பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு மேலதிகக் குறிப்பு: பனலையும் வயரையும் பார்க்க முதல் பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. 5.5 மில்லிமீற்றர் வட்டப் பிளக் பெரும்பாலும் 5 அம்பியருக்குத்தான் செய்தது. உப்புக் காத்திலை அதின்ரை பித்தளை பச்சை பூக்கும். தொடுற இடத்திலை 0.2 ஓம் வந்தாலே காணும், 5.3 அம்பியரிலை அந்தச் சின்னப் பிளக்குக்குள்ளை 5.6 வோட்ஸ் சூடு. பிளாஸ்ரிக் இளகும், பிறகு ரெண்டு முனையும் முட்டும். ஓடிக்கொண்டிருக்கேக்கை பிளக்கைக் கையாலை தொட்டுப் பாருங்கோ. இளஞ்சூட்டுக்கு மேல இருந்தால் மாத்த வேணும். எக்ஸ்.ரி. 60 மாதிரிப் பிளக், நல்லா சோல்டர் பண்ணி, சுருங்கு குழாய் போட்டு மூடினால் பல காலம் தாங்கும். எம்.சி. 4 எண்ட சோலர் பிளக் எண்டால் சரியான கிரிம்ப் கருவியாலை நசுக்க வேணும், குறட்டாலை நசுக்கிறது கூடாது.

தோட்டவெளி

பவர் ஸ்ரேசன் இல்லாமல் 12 வோல்ற் ஈய பற்றரிக்கு இதே மாதிரிப் பனல் போட்டு, சார்ஜ் கொன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகை எண்டால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? விக்கிறவை எம்.பி.பி.ரி. மாத்தினால் 30 வீதம் கூடும் எண்டு சொல்லுகினம்.

மின்கம்பி

பி.டபிள்யூ.எம். ஒரு சுவிச் மாதிரி. பனலைப் பற்றரியோடு நேரே பிடித்து வைக்கும், அதனால் பனலின் வோல்ற் பற்றரியின் வோல்ற்றுக்கு இறங்கி விடும். 5.56 அம்பியரை 13 வோல்ற்றால் பெருக்கினால் 72 வோட்ஸ். 100க்கும் 72க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த 30 வீதக் கதை.

ஆனால் அந்த 100 குளிர்ந்த பனலுக்கு. எங்கள் வெய்யிலில் செல் 65 பாகை ஆகும்போது 18 வோல்ற் 15க்கு இறங்கியிருக்கும். அப்போது எம்.பி.பி.ரி. எடுக்கக் கூடியது 84 வோட்ஸ், பி.டபிள்யூ.எம். 72. வித்தியாசம் 15 வீதம் அளவு. ஒரு சிறிய பனலுக்கு அந்தக் காசைத் தடித்த வயருக்குச் செலவழிப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் பி.டபிள்யூ.எம். உடன் மெல்லிய வயர் சேர்ந்தால் இழப்பை விடப் பெரிய கெடுதி நடக்கும். சூடான பனல் 15 வோல்ற், வயரில் 2 வோல்ற் போனால் மிச்சம் 13. ஈய பற்றரி நிரம்ப 14.4 வேண்டும். கிட்டப் போகப் போக அம்பியர் குறைந்து, பல நாட்களில் அது அங்கே போய்ச் சேராது. அடிக்கடி நிரம்பாமலே கிடந்து, தகட்டில் சல்பேற் படிந்து, பற்றரி சீக்கிரமே போய் விடும். பழி பற்றரிக்கு விழும்.

குறுஞ்சுற்று

லேபிளே பொய்யா இருக்கிற பனலும் சந்தையிலை நிறைய. வாங்க முதல் அடிமட்டம் எடுத்துச் செல் உள்ள பரப்பை மட்டும் அளவுங்கோ, சீலை ஓரத்தை விடுங்கோ. ஒரு சதுர மீற்றருக்கு முழு ஒளி 1000 வோட்ஸ், நல்ல செல் அதிலை 20 முதல் 23 வீதம் மாத்தும். அப்ப 100 வோட்ஸுக்கு அரைச் சதுர மீற்றர் அளவு செல் வேணும். 42 சென்றிமீற்றருக்கு 28 சென்றிமீற்றர் பனலிலை 300 வோட்ஸ் எண்டு எழுதியிருந்தால், பெருக்கிப் பாருங்கோ: 0.12 சதுர மீற்றர்கூட இல்லை. 27 வோட்ஸுக்கு மேல அதுக்கு வழியே இல்லை.

பனலிலை உள்ள யூ.எஸ்.பி. துளையை வைச்சும் பனலை எடை போடக் கூடாது. 5 வோல்ற், 2.4 அம்பியர் துளை எண்டால் 12 வோட்ஸ்தான், பனல் 100 எண்டாலும் 200 எண்டாலும்.

வடலி

அண்ணைமார் எல்லாருக்கும் நன்றி. சொன்ன ஒழுங்கிலை அளந்தது இது, எல்லாம் 12.00க்கும் 12.30க்கும் இடையிலை.

காலிலை நிமித்தி, தெற்குப் பாக்க: குறுஞ்சுற்று 4.3 அம்பியர், திறந்த சுற்று 19.3 வோல்ற். சார்ஜ் ஏறேக்கை பனல் முனைக்கும் பவர் ஸ்ரேசன் முனைக்கும் வித்தியாசம் 1.9 வோல்ற்.

கட்டிலிலை படுக்க வைச்சு: குறுஞ்சுற்று 5.6, திறந்த சுற்று 19.1. பழைய வயரோடையே 67 வோட்ஸ். பிறகு 2.5 வயர் போட்டு 76.

இனிக் கேள்வி ரெண்டு. நாள் முழுக்கக் கட்டிலிலையே படுக்க விடலாமோ? இதே பனல் இன்னொண்டு வாங்கினால் ரெண்டையும் எப்பிடி இணைக்கிறது?

மின்கம்பி

76 நல்ல எண். அந்தப் பனலில் அதற்கு மேல் தேட வேண்டாம்.

நாள் முழுக்கப் படுக்க விட்டால் காலையும் பின்னேரமும் இழப்பீர்கள். இப்போது அந்தக் கால் உதவும். சித்திரையில் காலை 9 மணிக்குச் சூரியன் உச்சியிலிருந்து 47 பாகை கிழக்கே, காலின் சரிவு அதற்கு அளவெடுத்த மாதிரி. பின்னேரம் 3.20க்கு அதே அளவு மேற்கே. 20 பாகை தப்பினாலும் இழப்பு 6 வீதம்தான், அதனால் மணிக்கூட்டைப் பார்த்துக் கொண்டு நிற்கத் தேவையில்லை. 10.30 வரை கிழக்கு, 2 மணி வரை கட்டில், பிறகு மேற்கு. ஒரு நாளில் மூன்று இடம் போதும்.

மாதத்துக்கு மாதம் மத்தியானச் சரிவு மாறும். மார்கழி நடுவில் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே, அப்போது கட்டிலின் வடக்குப் பக்கத்தை உயர்த்துங்கள். ஆனி நடுவில் 14 பாகை வடக்கே நிற்கும். தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று கூரைப் பனலுக்குச் சொல்வது வருசச் சராசரிக்கு. மடக்குப் பனலை அந்த விதியில் கட்டிப் போட வேண்டாம். ஆவணி (ஓகஸ்ட்) கடைசியில் திரும்பவும் நேர் உச்சி. கணக்கு வேண்டாம் என்றால் ஒரு பேனையைப் பனலில் செங்குத்தாகப் பிடியுங்கள். நிழல் மறையும் வரை பனலைச் சாய்த்தால் அதுதான் சரியான கோணம்.

இரண்டாவது பனலைத் தொடராக இணைக்கவே கூடாது. 21.6உம் 21.6உம் 43.2 வோல்ற், உங்கள் உள்ளீடு 28தான் தாங்கும். பவர் ஸ்ரேசனின் உள்ளீட்டுப் பகுதி எரிந்து விடும், உத்தரவாதமும் கிடையாது. சமாந்தரமாக, பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், வை வடிவ இணைப்பான் போட்டு. வோல்ற் அதேதான், அம்பியர் மட்டும் கூடும். மத்தியானம் இரண்டும் சேர்ந்து 150 தரக் கூடியதாக இருந்தாலும் பவர் ஸ்ரேசன் 120இல் நிறுத்திக் கொள்ளும், அதனால் கெடுதி இல்லை.

அதனால் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைக்க வேண்டாம். ஒன்றைக் கிழக்கு நோக்கியும் மற்றதை மேற்கு நோக்கியும் 30 பாகை அளவில் சாய்த்து விட்டால் காலை முதல் பின்னேரம் வரை மாற்றி மாற்றி வைக்காமலே ஏறும். ஒளி குறைந்தால் அம்பியர்தான் பெரிதாகக் குறையும், வோல்ற் கொஞ்சம்தான், அதனால் சமாந்தர இணைப்பில் ஒன்று மற்றதை இழுத்து விழுத்தாது. இரண்டு பனலுக்கும் பொதுவான வயர் மட்டும் 4 சதுர மில்லிமீற்றர் போடுங்கள்.

உப்புக்காற்று

பவர் ஸ்ரேசனை விறாந்தையிலை வைச்சிருக்கிறது நல்லது, அதை மாத்திப்போட்டு வயரைச் சுருக்கலாம் எண்டு முத்தத்துக்குக் கொண்டு வர வேண்டாம். லிதியம் பற்றரி 45 பாகை அளவிலை சார்ஜைக் குறைக்கும், இல்லாட்டி முழுசா நிப்பாட்டும். மத்தியானம் திடீரெண்டு 76 பூச்சியம் ஆனால் பனலைப் பார்க்க முதல் பெட்டியைத் தொட்டுப் பாருங்கோ.